என்ஸைமின் வடிவமும் புற்றுநோய் மருந்தும்

கொச்சியின் மட்டாஞ்சேரியிலுள்ள பழைய பண்டகசாலைகளின் கதவுகள் திறந்திருக்கும்போது, அவற்றின் வாயில்கள் ஒன்றுபோலவே தோன்றலாம். சாத்திய பின்னரே தாழும் பூட்டும் வெவ்வேறாய் இருத்தல் புலப்படும். நம் உயிரணுக்களில் பணிபுரியும் கைனேஸ் என்னும் என்ஸைம்களின் இயல்பும் ஏறக்குறைய இத்தகையதே.

ஏ.டி.பி. என்னும் ஆற்றல்மிகு பொருளிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்துப் புரதங்களுடன் சேர்ப்பது கைனேஸ்களின் தொழில். மனித உடலில் இவை 500க்கு மேற்பட்டவை. இயங்கும் நிலையில், ஏ.டி.பி. அமரும் குழிவு இவை யாவற்றிலும் பெரிதும் ஒத்திருக்கும். ஆகவே அக்குழிவை அடைக்கும் மருந்து, நோய் விளைக்கும் என்ஸைமோடு உடலுக்கு இன்றியமையாத பிறவற்றையும் முடக்கிவிடக்கூடும்.

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தம்முள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதன் விளைவாக ஏபிள் என்னும் கைனேஸ் கட்டுக்கடங்காது இயங்கி, வெள்ளணுக்களைப் பெருக்குகிறது. இதனைத் தடுக்கும் இமாட்டினிப் என்னும் மருந்து அமெரிக்காவில் 2001இல் ஒப்புதல் பெற்றது. ஏபிளுக்கு நெருங்கிய இனமான சார்க் என்னும் கைனேஸை இம்மருந்து அவ்வளவாகத் தாக்குவதில்லை. காரணம் யாது?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று பின்னர் அமெரிக்கா சென்ற ஜான் குரியனும் அவருடைய குழுவினரும் எக்ஸ்-கதிர்ப் படிக ஆய்வின் வாயிலாக 2000இல் இதற்கு விளக்கம் தந்தனர். கட்டுக்கடங்காத ஏபிளும் இடையிடையே ஓய்வு வடிவத்திற்கு மீள்வதுண்டு. மருந்து அவ்வடிவத்தையே பற்றிக்கொள்கிறது. சார்க் ஓய்வில் வழக்கமாக மேற்கொள்ளும் வடிவமோ வேறு.

எனினும், ஏபிளின் 315ஆம் இடத்திலுள்ள திரியோனின் என்னும் அமினோ அமிலம் ஐசோலியூசினாக மாறின், மருந்துடன் அமையும் ஹைட்ரஜன் பிணைப்பு அற்றுப்போகும். ஐசோலியூசினின் பருமனும் மருந்துக்குத் தடையாகும். அத்தகைய நோயாளிக்கு இமாட்டினிப் பயன்படாது. இத்தடையை விலகிச் செல்லுமாறு, என்ஸைமின் வடிவத்தை நோக்கி அமைக்கப்பட்ட பொனாட்டினிப் 2012இல் ஒப்புதல் பெற்றது. ஆனால் அது பல கைனேஸ்களைத் தாக்குவது. இரத்தக்குழாய் அடைப்பை உண்டாக்கும் அபாயமும் அதற்கு உண்டு.

பகை என்ஸைமை அடக்குவதோடு, நட்பு என்ஸைம்களைத் தீண்டாது விடுதலும் நல்ல மருந்தின் இலக்கணமாகும். இவ்விரண்டையும் ஒருங்கே அடைவதற்கு, என்ஸைமின் இயங்கும் வடிவத்தோடு ஓய்வு வடிவத்தையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.