கட்டம் நிரம்பிய பிறகுதான் புதிர்

குறுக்கெழுத்தில் கடைசிக் கட்டம் நிரம்பியதும் பேப்பரை மடித்து வைப்பவர்கள்தான் அதிகம். எனக்குப் பிடித்த ரகம் அங்கேதான் ஆரம்பிக்கும். நிரப்பிய விடைகளுக்குள்ளேயே இன்னொரு சொல்லோ பெயரோ பதுங்கியிருக்கும். அதற்கென்று தனிக் குறிப்பு கிடையாது. அமெரிக்காவில் இதை மெட்டா என்பார்கள். மேட் காஃப்னி என்பவர் 2008-ல் வாரம் ஒரு மெட்டா என்று தொடங்கினார். மாதத்தின் முதல் வாரம் சுலபம், கடைசி வாரம் மண்டை காயும். ஆங்கிலேய பாணிப் புதிர்களில் இப்படி ஒளிந்திருப்பதற்கு நீனா என்று பெயர். ஓவியர் அல் ஹிர்ஷ்ஃபெல்ட், 1945-ல் பிறந்த மகளின் பெயரைத் தன் கோட்டோவியங்களில் தலைமுடியிலும் துணிமடிப்பிலும் ஒளித்து வைத்தாராம். அவள் பெயர்தான் அது.

நமக்கு இதெல்லாம் புதிசில்லை. சித்திரகவியில் கரந்துறை செய்யுள் என்று ஒன்று உண்டு, ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டின் எழுத்துகள். கூடசதுக்கத்தில் நான்காம் அடியின் எழுத்தெல்லாம் முன் மூன்றடிகளுக்குள் மறைந்திருக்கும்.

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயில் மெட்டா தேட வாகான இடம். புறப்படும் இடம் என்பதால் உட்கார இடம் கிடைத்துவிடும். குரோம்பேட்டைக்குள் நாலைந்து விடை விழும். பல்லாவரத்தில் கூட்டம் ஏறினால் பேனாவை நகர்த்த முடியாது, வெறுமனே பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். மெட்டாவுக்கு அந்தப் பார்வைதான் வேண்டும்.

எதைப் பார்ப்பது? முதலில் தலைப்பை. மெட்டாவில் தலைப்பு அலங்காரம் இல்லை, சாவி. அடுத்து, சாதாரணச் சொல் பொருந்துகிற இடத்தில் யாரும் புழங்காத சொல் இருந்தால் அங்கே நின்றுவிடுங்கள். புதிர் அமைப்பவர் ஆசைப்பட்டு அதைப் போட்டிருக்க மாட்டார், வேறு வழியில்லாமல் போட்டிருப்பார். தி ஹிந்து மாதிரியான 15-க்கு 15 கட்டத்தில் நான்கு ஓரங்களையும் ஒருமுறை சுற்றி வாசிப்பது என் வழக்கம். அங்கே வேறு சொல் குறுக்கிடாத எழுத்துகள் இருந்தால் செய்தி ஒளிக்கத் தோது.

தமிழ்ப் புதிரில் கதை வேறு. கலிஃபோர்னியாவிலிருந்து வரும் தென்றல் இதழில் வாஞ்சிநாதன் அமைத்த புதிர்களைப் போட்டுப் பழகியவர்களுக்கு, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து, அது உயிர்மெய்யானாலும் மெய்யானாலும், என்பது கைவந்திருக்கும். ஆனால் முதலெழுத்துகளைக் கோத்துப் பார்க்கிற ஆங்கிலப் பழக்கம் இங்கே சீக்கிரம் முட்டிக்கொள்ளும். புள்ளி வைத்த எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. ண, ள, ழ வரிசையிலும் தொடங்காது. ஆகவே ஒளிந்திருக்கும் விடையில் மெய்யெழுத்து இருந்தால் முதலெழுத்து வழி அடைத்துக்கொள்ளும். நான் நேரே கடைசி எழுத்துக்குப் போய்விடுவேன்.

கூடப் பயணம் செய்யும் நண்பருக்காக ஒன்று அமைத்தேன். தலைப்பு ‘வாலைப் பிடி’. நட்சத்திரக் குறி போட்ட குறிப்புகள் மூன்று: பணம் போடுமிடம், பாரம் தாங்குவது, மாடு இழுப்பது. வங்கி, தூண், வண்டி என்று மீனம்பாக்கத்துக்குள்ளேயே போட்டுவிட்டார். பிறகு வ, தூ, வ என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

“தலைப்பைப் பாருங்க சார்.”

“வாலுன்னா கடைசி... கி, ண், டி.” வண்டி பரங்கிமலையை விட்டுக் கிளம்பியிருந்தது. “அட, அடுத்த ஸ்டேஷன்!”

கிடைத்தது சரிதானா என்று சோதிக்க, குறி போட்ட எல்லா விடைகளும் பயன்பட்டிருக்கிறதா, தலைப்புக்கு அர்த்தம் வந்துவிட்டதா என்று பார்ப்பேன். எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால்தான் சொல் வருகிறது என்றால் பெரும்பாலும் அது நம் கற்பனை. நாளெல்லாம் தேடியும் பிடிபடவில்லையென்றால் யாரையாவது கேட்கலாம், தப்பில்லை. விடையைக் கேட்காமல், எந்தப் பக்கம் பார்க்கணும் என்று மட்டும் கேளுங்கள்.