எதில் சமத்துவம், யாரோடு சமத்துவம்: மகத் குளப் போராட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

சமத்துவம் என்னும் சொல் தமிழ்ப் பொதுவழக்கில் இரு பொருள்களைச் சுமந்து நிற்கின்றது. எல்லார்க்கும் எல்லாம் ஒத்த அளவில் கிடைத்தல் என்பது ஒன்று; ஒருவர் முன் ஒருவர் தாழ்ந்து நில்லாமை என்பது மற்றொன்று. முன்னது பகிர்வு பற்றியது. பின்னது உறவு பற்றியது. கடந்த அரை நூற்றாண்டு அரசியல் மெய்யியலில் நிகழ்ந்த சமத்துவ விவாதத்தின் பெரும்பகுதி, இவ்விரு பொருள்களுள் எது முதன்மையானது என்னும் வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது. அவ்விவாதத்தை அம்பேத்கர் தலைமையில் 1927ஆம் ஆண்டு நிகழ்ந்த மகத் குளப் போராட்டத்தோடு வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். மேலைக் கோட்பாட்டை இந்தியச் சான்றின்மீது பொருத்திக் காட்டுவது போதாது. அச்சான்று அக்கோட்பாட்டின் குறையையும் காட்டக்கூடியது என்பதே இங்கு வைக்கப்படும் கருத்து.

பகிர்வுவழிச் சமத்துவம்

ஜான் ரால்ஸ் 1971இல் வெளியிட்ட ‘நீதிக் கோட்பாடு’ இவ்விவாதத்தின் தொடக்கப்புள்ளி. தம் பிறப்பு, செல்வம், திறமை ஆகியவற்றை அறியாத நிலையில் மக்கள் தம் சமூகத்திற்கான நெறிகளைத் தேர்ந்தால், மிகப் பின்தங்கியோர்க்கு மிகுந்த நலம் பயக்கும் ஏற்றத்தாழ்வை மட்டுமே அவர்கள் ஏற்பர் என்பது அவர் வாதம். அமர்த்தியா சென் 1979இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் ‘எதில் சமத்துவம்?’ என்னும் வினாவை எழுப்பினார். பொருள்களின் அளவை அன்று, அப்பொருள்களைக் கொண்டு ஒருவரால் என்ன செய்ய இயலும் என்பதையே அளக்க வேண்டும் என்றார். ரொனால்டு டுவோர்க்கின் 1981இல் எழுதிய இரு கட்டுரைகள் வளங்களின் சமத்துவத்தைப் பேசின. ஒருவர் தாமே தேர்ந்துகொண்டதன் விளைவுக்கு அவரே பொறுப்பு; தம் தேர்வு இன்றி வந்து சேர்ந்த இழப்பிற்குச் சமூகம் ஈடு செய்ய வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

இப்போக்கை ‘ஊழ்ச் சமத்துவவாதம்’ எனத் தமிழில் குறிக்கலாம். ஊழ் என்பது இங்கு வினைப்பயனைச் சுட்டவில்லை. எவரும் தேராத தற்செயலைச் சுட்டுகின்றது. பிறப்பினால் வந்த தாழ்வை நியாயப்படுத்த நம் மரபில் பயன்பட்ட சொல்லே, அத்தாழ்வைக் களையவேண்டும் என்னும் கோட்பாட்டிற்கும் பெயராகப் பொருந்துவது கருதத்தக்கது.

ஆண்டர்சனின் மறுப்பு

எலிசபெத் ஆண்டர்சன் 1999இல் எழுதிய ‘சமத்துவத்தின் நோக்கம் யாது?’ என்னும் கட்டுரை இப்போக்கை வேரிலேயே மறுத்தது. தற்செயலால் இழந்தோர்க்கு ஈடு வழங்கும் அரசு, அவர்களைத் தாழ்ந்தோராக முதலில் அடையாளப்படுத்திய பிறகே உதவுகின்றது. அவ்வுதவியில் இரக்கம் இருக்கின்றது, மதிப்பு இல்லை என்பது அவர் குற்றச்சாட்டு. சமத்துவம் கோரும் இயக்கங்கள் எதிர்த்தது ஒடுக்குமுறையையே. எனவே குடிமக்கள் ஒருவரை ஒருவர் நிகராக நோக்கும் உறவே சமத்துவத்தின் பொருள் என்றார்.

திருக்குறளில் இக்காலச் சமத்துவக் கோட்பாட்டைத் தேடுவது பொருந்தாது. எனினும் நல்குரவு, இரவு, இரவச்சம் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். இல்லாமை ஒரு துன்பம். இன்னொருவர்முன் கேட்டு நிற்றல் வேறொரு துன்பம் என்னும் பகுப்பு அவ்வைப்புமுறையில் புலப்படுகின்றது. ஆண்டர்சன் சுட்டும் இழிவு இரண்டாவது வகையைச் சார்ந்தது.

மகத்: நீர் குறையாத குளம்

பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் பொதுக் குளங்களையும் கிணறுகளையும் பள்ளிகளையும் தீண்டப்படாதோர்க்குத் திறந்துவிடத் தீர்மானித்தது. மகத் நகராட்சியும் 1924இல் சவுதார் குளத்தை அவ்வாறே திறந்துவிட்டதாக அறிவித்தது. தாளில் உரிமை வந்துவிட்டது; குளத்தில் நீரும் இருந்தது. ஆயினும் ஒருவரும் இறங்கி நீர் மொள்ள இயலவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மாநாட்டுக்கு வந்தோருடன் ஊர்வலமாகச் சென்று அக்குளத்து நீரைப் பருகினார். பின்னர் மாநாட்டினர் தாக்கப்பட்டனர். சாதி இந்துக்கள் பாலும் தயிரும் கோமயமும் கோமூத்திரமும் இட்டுக் குளத்தைத் ‘தூய்மை’ செய்தனர். நகராட்சி அதே ஆண்டு ஆகஸ்டில் தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. உயர்நீதிமன்றத் தீர்ப்பு 1937இல்தான் வந்தது.

இந்நிகழ்வைப் பகிர்வுக் கோட்பாட்டால் விளக்க முயன்றால் கோட்பாடு திணறுகின்றது. பற்றாக்குறை இல்லை, பிற சமயத்தாரும் கால்நடைகளும் அந்நீரைப் பயன்படுத்தத் தடையும் இல்லை. வேறோரிடத்தில் இதைவிடத் தூய நீரை இலவசமாக வழங்கியிருந்தால் பகிர்வுக் கணக்கு நேராகியிருக்கும். அநீதியோ முழுமையாக எஞ்சியிருக்கும். நீர் பருகுவதற்காக மட்டும் தாம் குளத்திற்குச் செல்லவில்லை, தாமும் மனிதரே என நிலைநாட்டவே செல்வதாக அம்பேத்கர் அவ்வாண்டு டிசம்பர் மாநாட்டில் விளக்கியதன் பொருள் இதுவே. தன்மதிப்பின் சமூக அடிப்படைகளையும் அடிப்படை நலன்களுள் ஒன்றாக ரால்ஸ் சேர்த்திருப்பதைச் சுட்டி அவர்பக்கம் நிற்போர் விடை கூறக்கூடும். அவ்விடை முற்றிலும் தவறன்று. ஆனால் தன்மதிப்பை ஒருவர் கையில் கொடுக்கும் பொருளாகக் கொள்ளும்போது, அதைப் பறிப்பவர் யார் என்னும் வினா மறைந்துபோகின்றது. சென்னின் இயலுமைக் கருத்து மகத்துக்கு இன்னும் நெருங்கி வருகின்றது. அதுவும் இயலாமையை அளக்கின்றதே தவிர, அவ்வியலாமையை நாள்தோறும் காத்து நிற்கும் மனிதரைப் பெயர் சொல்லிக் காட்டுவதில்லை.

படிநிலைச் சமத்துவமின்மை

இதுவரை ஆண்டர்சனின் பக்கமே வலுவாகத் தோன்றும். எனினும் அவர் கோட்பாடு பெரும்பாலும் ஒடுக்குவோர், ஒடுக்கப்படுவோர் என்னும் இரு முனைகளை வைத்தே இயங்குகின்றது. அம்பேத்கர் காட்டும் சாதியமைப்பிற்கு இரண்டு முனைகள் மட்டும் இல்லை. 1936இல் வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ நூலில், சாதிகள் மேலும் கீழுமாக அடுக்கப்பட்ட வரிசை என்பதையும், எல்லாரும் அடிமைகளாயினும் அடிமைத்தனத்தில் அனைவரும் சமமானவர் அல்லர் என்பதையும் அவர் விளக்குகின்றார். ஒவ்வொரு படியில் நிற்பவர்க்கும் மேலே ஒருவர் இருக்கின்றார். கீழேயும் ஒருவர் இருக்கின்றார். ஆகவே ஒவ்வொருவரிடமும் இழப்பதற்கு ஏதோ ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்டோர் ஒன்றுதிரண்டு ஒடுக்குவோரை எதிர்ப்பர் என்னும் எதிர்பார்ப்பு இவ்வமைப்பில் எளிதில் நிறைவேறாமைக்கு இதுவே காரணம். நிகரான உறவு வேண்டும் என்றால் யாரோடு நிகர் என்னும் அடுத்த வினா உடன் எழுகின்றது. மேலிருப்பவரோடு நிகராக விரும்பும் ஒருவர், கீழிருப்பவர் தம்மோடு நிகராவதை ஏற்பாரா? உறவுவழிச் சமத்துவக் கோட்பாட்டில் இவ்வினாவிற்குப் போதிய இடம் இல்லை என்பது ஆய்வாளர் கருத்து.

இன்றைய இடஒதுக்கீட்டு வழக்குகளில்

2019இன் 103ஆவது அரசமைப்புத் திருத்தம் பொருளாதாரத்தில் நலிந்தோர்க்குப் பத்து விழுக்காடு ஒதுக்கியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருள் உள்ள ஏழைகள் அதில் சேர்க்கப்படவில்லை. 2022 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையில் அதை ஏற்றது. அவ்விலக்கல் சமத்துவ நெறிக்கு முரணானது எனச் சிறுபான்மைத் தீர்ப்பு கூறியது. வறுமையை அளவுகோலாகக் கொண்டு, வறியவருள் ஒரு சாராரைச் சாதியின்பேரில் வெளியே நிறுத்தும் இத்திருத்தம் பகிர்வுக் கோட்பாட்டின் அளவுகோலிலேயே தேறாது.

படிநிலை வினா நேராக எழுந்தது வேறோரிடத்தில். தமிழ்நாடு 2009இல் பட்டியல் சாதியினருக்கான பதினெட்டு விழுக்காட்டிற்குள் அருந்ததியர்க்கு மூன்று விழுக்காட்டை உள்ஒதுக்கீடாக வழங்கிச் சட்டம் இயற்றியது. பட்டியல் சாதியினர் பிரிக்க இயலாத ஒரே தொகுதி என 2004ஆம் ஆண்டுத் தீர்ப்பு கூறியிருந்த நிலையில், 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு ஆறுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் அக்கருத்தை மாற்றி உள்வகைப்பாட்டை ஏற்றது. ஒரே பட்டியலில் இருப்பதால் மட்டும் அனைவரும் ஒரே படியில் நிற்பவர் ஆகார் என்னும் ஒப்புதல் அதில் உள்ளது. இவ்விவாதம் இன்னும் பெரும்பாலும் இடங்களின் எண்ணிக்கை பற்றியதாகவே நடைபெறுகின்றது. பட்டியலுக்குள் நிலவும் மணஉறவு, குடியிருப்பு, தொழில்சார் இழிவு ஆகியவற்றை அம்பேத்கரின் படிநிலைக் கருத்துக்கொண்டு ஆராயும் பணி தமிழ் ஆய்வுலகிற்கு உரியதாகின்றது. தூய்மைப் பணியோடு பிணைக்கப்பட்டுவிட்ட சாதிகளின் தன்வரலாறுகளும் வாய்மொழி வழக்காறுகளும் அதற்கு முதன்மைச் சான்றுகளாகக்கூடும்.