வைசூரி வீதிகளில் ஒரு குருவானவர்



பாடம்: மத்தேயு 25:31-46

நம் ஆஸ்பத்திரியால் எத்தனை பேர் சபைக்கு வந்தார்கள் என்று காணிக்கை அனுப்புகிறவர்களில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இப்பகுதியில் ஆண்டவர் அந்தக் கணக்கைக் கேட்கவில்லை.

1651-ல் கோவாவில் பிறந்த யோசேப்பு வாஸ் என்ற கத்தோலிக்க குருவானவர், 1687-ல் கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணம் சென்றார். அங்கே கத்தோலிக்க ஆராதனையைத் தடைசெய்திருந்த டச்சுக்காரர்கள் சீர்திருத்த சபையார். நம்மவர்தான், மறைத்துப் பயனில்லை. வாஸ் தமிழும் சிங்களமும் கற்று, இரவில் மறைவாகப் பிரசங்கித்தார். 1692-ல் கண்டியில் வேவுகாரன் என்று சிறையிலும் இருந்தார்.

1697-ல் கண்டியில் வைசூரி பரவியது. மன்னர் நகரைவிட்டு நீங்கினார். சொந்த வீட்டாரே நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். வாஸ், தம் உறவினரான கர்வாலியோ குருவோடு அவர்களைத் தேடிப்போனார். காலியான வீடுகளில் கிடத்தி, ஆகாரம் கொடுத்து, புண்களைக் கழுவி, மரித்தவர்களைத் தாமே அடக்கம்செய்தார். பௌத்தரா கிறிஸ்தவரா என்று பார்க்கவில்லை. பிரசங்கத்துக்கு இது தூண்டிலா? பிழைக்கமாட்டான் என்று தெரிந்தவனுக்கும் அல்லவா தண்ணீர் கொடுத்தார்!

1711 ஜனவரி 16-ல் கண்டியிலேயே மரித்தார். 2015-ல் போப் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

சத்துவாச்சாரி ஜெபக்குழுவினர் இம்மாதம், துணைக்கு ஆளில்லாத நோயாளிகளுக்காக ஜெபிக்கும்படி வேண்டுகிறோம்.