சுண்டிப் பார்க்கும் கேள்வி

கணினி நிரலாளரை வேலைக்கு எடுக்கும்போது வைக்கப்படும் எளிய நிரல் தேர்வு, அதாவது பத்து நிமிடத்தில் எழுதி முடிக்கத்தக்க ஒரு சிறு புரோகிராமைக் கேட்பது, திறமையின் உச்சத்தை அளக்கும் கருவி அன்று; பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் வட்டாரத்தவருக்குச் சொல்வதானால், கோப்பையை விரலால் சுண்டி, எழும் ஒலியைக் கொண்டு கீறல் உண்டா என்று அறிவதைப் போன்றது அது. கோப்பையின் அழகை அவ்வொலி சொல்லாது.

2007-இல் இம்ரான் கோரி என்பவர் எழுதியதன் வழியே பரவிய ‘ஃபிஸ்பஸ்’ கணக்கு இவ்வகையில் பெயர்போனது. அதில் 1 முதல் 100 வரை எண்களை அச்சிடவேண்டும். 3-ஆல் வகுபடும் எண்ணுக்குப் பதிலாக ‘ஃபிஸ்’, 5-ஆல் வகுபடுவதற்கு ‘பஸ்’, இரண்டாலும் வகுபடுவதற்கு ‘ஃபிஸ்பஸ்’ என்று வரவேண்டும். ஒரு நிபந்தனை பொருந்தியதும் மற்றவற்றை விட்டுவிடும் ‘இஃப்-எல்ஸ்’ தொடரில் 3-ஐ முதலிலும் 15-ஐ இறுதியிலும் சோதிப்பவரின் நிரல், 15 என்ற எண்ணை முதல் வாசலிலேயே ‘ஃபிஸ்’ என்று அனுப்பிவிடுவதால், 15-ஆல் வகுபடும் எந்த எண்ணும் கடைசி வாசலுக்கு வந்துசேராது. இப்பிழை செய்தவரை உடனே விலக்குவது தேர்வு நடத்துவோர் தொடக்கத்தில் செய்யும் தவறு என்பதும், “15 வரும்போது என்ன அச்சாகும்?” என்று கேட்டு, அவர் தம் நிரலை வரிவரியாக நடத்திப் பார்த்துப் பிழையைத் தாமே கண்டுகொள்கிறாரா என்று கவனிப்பதே பயன் தரும் என்பதும் இக்கட்டுரையாசிரியர் தேர்வறைகளில் கற்றவை. விடை பலருக்கும் மனப்பாடமாகிவிட்டதால், 3, 5 என்பவற்றை 4, 6 என்று மாற்றுவது நல்லது. இரண்டையும் பெருக்கி 24 என்று எழுதுபவர், மீச்சிறு பொது மடங்கான 12-இல் சறுக்கிவிடுவார்.

படித்த ஆண்டுகளின் எண்ணிக்கை வேலைத்திறனை முன்னுரைப்பதில் மிகவும் பின்தங்கியே நிற்கிறது என்று 1998-இல் ஷ்மிட், ஹண்டர் ஆகியோரின் தொகுப்பாய்வு காட்டியதை நோக்கின், மங்கலம்பேட்டை போன்ற பேரூராட்சியில் தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் ஒருவருக்குச் சான்றிதழைவிட இத்தேர்வே நியாயமான வாசல். ஆயினும் கண்காணிப்பு அதைக் கெடுத்துவிடும்: தேர்வாளர் பார்த்திருக்க வெண்பலகையில் எழுதியோர், தனியறையில் எழுதியோரைவிடப் பெரிதும் தடுமாறியதை 2020-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து நடத்திய ஆய்வு கண்டது. ஆகவே, கேள்வியைத் தமிழிலும் அச்சிட்டுக் கையில் கொடுத்துவிட்டு, தேர்வாளர் அறையை விட்டு வெளியேறிவிடுவதே முறை.