கருக்குழலும் கதிர்ப்படமும்

மலடி என்னுஞ் சொல்லை நம்மவர் எளிதில் வழங்கிவிடுகின்றனர். மலடன் என்பதும் அகராதியில் உண்டெனினும் வழக்கில் அருகியே காணப்படும். சொல்வழக்கே ஒருதலைத் தீர்ப்பாயிற்று! மகப்பேறின்மைக்குக் காரணம் ஆணிடத்தும் இருக்கலாம், பெண்ணிடத்தும் இருக்கலாம். கத்தியுங் கதிரும் வேண்டாத விந்துப் பரிசோதனையைச் செய்யாது மனைவியை மட்டும் வைத்தியரிடம் அனுப்புதல் முறையன்று. பெண்ணிடத்துள்ள காரணங்களுள் ஒன்றாகிய கருக்குழல் அடைப்பைப் படத்தாற் கண்டறியுமாற்றை ஈண்டு நோக்குவாம்.

விலங்கியல் பயிலும் நம் மாணவர், கருப்பையின் இருபுறத்தும் ஏறத்தாழ 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளமான குழல்கள் உள்ளமையை அறிவர். சூலும் விந்தும் கூடுவது அவற்றினுள்ளேயாம். 1561 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் இத்தாலிய அறிஞர் பலோப்பியோ இவற்றை எக்காளத்திற்கு ஒப்பிட்டு, அதற்குரிய இலத்தீன் சொல்லாலேயே பெயரிட்டார். நாமோ 'குழாய்' என்று பெயர்த்து நீர்க்குழாயை நினைப்பூட்டிவிட்டோம். இசைக்கருவியையுந் துளையையும் ஒருங்கே குறிக்கும் 'குழல்' நம்மிடம் இருக்க, இது வேண்டியதோ?

கருப்பைச் சுவரை ஊடுருவுமிடத்திற் குழலின் துளை ஏறத்தாழ 1 மில்லிமீற்றரே. பழைய தொற்றொன்றின் தழும்பே அதனை அடைத்தற்குப் போதும். எக்ஸ் கதிர் இம்மென்மையான உறுப்பைத் தனியே காட்டாதாகலின், கதிரைத் தடுக்குந் திரவத்தைக் கருப்பை வாயில் வழியே மெல்லச் செலுத்திப் படம் பிடிப்பர். 1914 இல் அமெரிக்க வைத்தியர் கேரி, ரூபின் ஆகியோர் வெள்ளிக் கரைசல் கொண்டு இதனை முயன்றனர். அக்கரைசல் உடலை உறுத்தவே, 1920 களில் அயடீன் சேர்ந்த எண்ணெய் அதனிடத்தைப் பெற்றது.

மாதவிலக்கு நின்றபின், சூல் வெளிப்படுமுன் இச்சோதனை நிகழும். கருவுற்றிருப்பினும் இடுப்பறையில் தொற்றிருப்பினுஞ் செய்யார். மாதவிலக்கு வலிபோன்ற வலி சிறிது உண்டு. அதனை முன்னரே சொல்லிவைத்தல் நன்று.

குழல்நுனியினின்று திரவம் வயிற்றறையிற் சிந்துமாயின் வழி திறந்துளது. கருப்பையருகே நின்றுவிடின் அடைப்பெனத் தோன்றும். ஆயினும் தசை இறுக்கத்தாலும் அவ்வாறு நிற்றலுண்டு. ஆகவே ஒரு படத்தை மட்டும் கண்டு நம்பிக்கை இழத்தல் வேண்டா. நுனி அடைபட்டு நீர்கொண்ட குழல் பைபோல வீங்கித் தோன்றும். காசநோய் பற்றிய குழல் மணி கோத்தாற்போல் தோன்றலுமுண்டு. ஐயம் நீங்காதவிடத்து வயிற்றிற் சிறுதுளையிட்டு, உள்நோக்கியால் நீலச்சாயம் வெளிவருதலை நேரே காண்பர். நுரை செலுத்தி அல்ட்ராசவுண்ட் கருவியாற் பார்க்கும் முறையும் இன்றுளது. அதிற் கதிர் படுவதில்லை.

வியப்பொன்று: நெதர்லாந்தில் 1,119 பெண்களிடம் நடந்து 2017 இல் வெளியான ஆய்வில், எண்ணெய்த் திரவம் பெற்றோருள் நூற்றுக்கு 39.7 பேரும், நீர்த்திரவம் பெற்றோருள் 29.1 பேரும் ஆறு திங்களுட் கருவுற்றனர். சோதனையே சிகிச்சையும் ஆயிற்றுப் போலும்.

இரு குழலும் அடைபட்டாலும் வழியுண்டு. 1978 யூலை 25 ஆந் திகதி இங்கிலாந்திற் பிறந்த லூயிஸ் பிரவுன், உடலுக்கு வெளியே கருக்கட்டப்பட்டுப் பிறந்த முதற் குழந்தை. அவருடைய தாயாரின் கருக்குழல்கள் அடைபட்டிருந்தன.