முகவரியும் உரிமையும்: நிறுவன வலையமைப்பின் ஆட்சிமுறை

முன்னுரை

வங்கி, மருத்துவமனை, நூலகம், கல்லூரி என எந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டாலும் அதன் கணக்கும் கடிதமும் இன்று கணினிகளிலேயே உறைகின்றன. அக்கணினிகள் தனித்தனியே இயங்குவதில்லை. ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு வலையமைப்பாக இயங்குகின்றன. பலருக்கும் பொதுவான கோப்புகளையும் சேவைகளையும் தாங்கி நிற்கும் கணினி 'சர்வர்' எனப்படும்; தமிழில் அதனை 'வழங்கி' என்கிறோம். வழங்கிகளையும் முகவரிகளையும் பயனர் உரிமைகளையும் பேணுபவர் வலையமைப்பு நிருவாகி ஆவார்.

அவருடைய பணியை நுணுகி நோக்கின், அது மூன்று வினாக்களில் அடங்கக் காணலாம். இந்தக் கணினி எங்கே உள்ளது? இதன்முன் அமர்ந்திருப்பவர் யார்? அவர் எதனைச் செய்யலாம்? முதல் வினாவுக்கு முகவரியும், இரண்டாவதற்கு அடையாளமும், மூன்றாவதற்கு உரிமையும் விடையாகின்றன. இம்மூன்றையும் வேறுபிரித்து அறியாமையே வலையமைப்பில் நேரும் பெருந்தவறுகள் பலவற்றுக்குக் காரணம் என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முகவரி

1981ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பு, ஒவ்வொரு கணினிக்கும் 32 பிட் நீளமுள்ள முகவரியை வகுத்தது. 0 முதல் 255 வரையுள்ள நான்கு எண்களைப் புள்ளியிட்டுப் பிரித்து அதனை எழுதுவர். இவ்வாறு அமையக்கூடிய முகவரிகள் மொத்தம் 429,49,67,296. அன்று அளவற்றதாகத் தோன்றிய இத்தொகை பின்னர்ப் போதாதாயிற்று. உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகளும் 2011 பிப்ரவரி 3ஆம் நாள் பங்கிடப்பட்டுவிட்டன. இக்குறையை முன்னுணர்ந்தே 128 பிட் முகவரி கொண்ட ஆறாம் பதிப்பை 1998இல் வரையறுத்தனர்.

நிறுவனங்களுக்குள் மட்டும் வழங்குவதற்கென மூன்று முகவரித் தொகுதிகள் 1996இல் ஒதுக்கப்பட்டன. 10 என்று தொடங்குவது ஒன்று, 172.16 முதல் 172.31 வரை மற்றொன்று, 192.168 என்று தொடங்குவது மூன்றாவது. ஓர் ஊரின் காந்தி தெருவில் 10ஆம் எண் வீடு இருப்பது போலவே மற்றோர் ஊரின் காந்தி தெருவிலும் இருக்கலாம் அன்றோ? அவ்வாறே ஒரே உள்முகவரியை எத்தனை நிறுவனங்களும் தத்தம் எல்லைக்குள் பயன்படுத்தலாம்.

ஒரு தொகுதியைத் துணைவலைகளாகப் பிரிப்பது நிருவாகியின் முதற்பணி. 192.168.10 என்று தொடங்கும் 256 முகவரிகளை நான்காகப் பகுப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு பகுதிக்கும் 64 முகவரிகள் வரும். அவற்றுள் முதலாவது அத்துணைவலையையே குறிக்கும். கடைசியானது அனைவருக்குமான பொது அறிவிப்புக்கு உரியது. எனவே கணினிகளுக்கு எஞ்சுவன 62. இப்பகுப்பைக் காட்டும் 'மாஸ்க்' என்னும் வலைமறைப்பு எண் 255.255.255.192 ஆகும். இனி, 192.168.10.70 எந்தப் பகுதியைச் சார்ந்தது? 70ஐ இரும எண்ணாக எழுதின் 01000110. 192ஐ எழுதின் 11000000. இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 இடுக, 01000000 கிடைக்கும். அது 64. ஆகவே அக்கணினி 64இல் தொடங்கும் இரண்டாம் துணைவலைக்கு உரியது. கணக்குப் பிரிவை ஒரு துணைவலையிலும் விருந்தினர் பயன்பாட்டை வேறொன்றிலும் வைத்து, இடையே செல்லும் போக்குவரத்தைத் திசைவியில் கட்டுப்படுத்துவதற்கு இப்பகுப்பே அடிப்படையாகும்.

வழங்கிக்கும் அச்சுப்பொறிக்கும் நிலையான முகவரி வேண்டும். அவற்றைப் பிறர் தேடி வருவர் ஆதலின். ஏனைய கணினிகளுக்கு முகவரியைத் தானே பகிர்ந்தளிக்கும் நெறிமுறை 1993இல் வந்தது. கணினி 'முகவரி தருவார் உளரோ' எனக் கேட்கும். வழங்கி ஒன்றனை முன்வைக்கும். கணினி அதனை வேண்டும். வழங்கி ஒப்புதல் தரும். அவ்வாறு தரப்படுவது சொந்தமன்று, குத்தகையே. காலம் முடிந்து புதுப்பிக்கப்படாவிடின், அதே முகவரி வேறொரு கணினிக்குப் போய்ச் சேரலாம். இவ்வொன்றை மறவாதிருத்தல் வேண்டும்.

அடையாளம்

கணக்குப் பிரிவின் கோப்பு ஒன்று பிற்பகல் 3 மணிக்கு அழிக்கப்பட்டது என வைத்துக்கொள்வோம். வழங்கியின் பதிவேட்டில் 192.168.10.70 என்னும் முகவரி மட்டும் காணப்படுகிறது. ஒரு வாரம் கழித்து அம்முகவரியுள்ள கணினியைத் தேடிச் சென்று, அங்கே அமர்ந்திருக்கும் எழுத்தரைக் குற்றஞ்சாட்டுதல் முறையாகுமா? அந்நாளில் அம்முகவரி யார் மேசையில் இருந்ததோ! குத்தகைப் பதிவேட்டையும், அந்நேரத்தில் உள்நுழைந்த பயனரின் பெயரையும் ஒப்புநோக்காமல் அளிக்கும் தீர்ப்பு நிரபராதி ஒருவரின் வாழ்வையே பாதிக்கும். முகவரி இடத்தைக் காட்டுமேயன்றி ஆளைக் காட்டாது.

முகவரியை நம்பி வாயிலைத் திறந்துவைத்ததன் விளைவை வரலாறும் காட்டுகின்றது. 1988 நவம்பர் 2ஆம் நாள் பரவிய மாரிஸ் புழு என்னும் நிரல், வேறு சில குறைபாடுகளோடு, கணினிகள் கடவுச்சொல் கேளாமல் ஒன்றையொன்று நம்பிய வழக்கத்தையும் பயன்படுத்திக்கொண்டது. 1994 டிசம்பர் 25ஆம் நாள், பாதுகாப்பு வல்லுநர் சுதோமு சிமோமுராவின் கணினிகளுக்குள் புகுந்தவர், அவை நம்பியிருந்த ஒரு கணினியின் முகவரியைப் போலியாக இட்டே உள்ளே வந்தார். உறையின் மேல் அனுப்புநர் பெயரை எவரும் எழுதலாம் என்பதைப் போன்றதே இது.

ஆகவே அடையாளத்தைத் தனியே மெய்ப்பிக்க வேண்டும். இதற்கென அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவானது கெர்பரோஸ் நெறிமுறை. பயனரின் கடவுச்சொல் வலையின் வழியே செல்வதில்லை. நம்பிக்கைக்குரிய ஒரு வழங்கி, குறித்த காலம் வரை செல்லும் நுழைவுச்சீட்டை அளிக்கின்றது. சீட்டில் நேரம் பொறிக்கப்படுவதால் கணினிகளின் கடிகாரங்கள் ஒத்திருத்தல் இன்றியமையாதது. ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருப்பின் உள்நுழைவு மறுக்கப்படுவது பொதுவழக்கு. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்ரோசாப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரியும் இந்நெறிமுறையையே கைக்கொண்டது.

இங்கே நிருவாகிகள் செய்யும் பிழையொன்றும் குறிக்கத்தக்கது. ஒரே நிருவாகக் கணக்கையும் கடவுச்சொல்லையும் மூவர் பகிர்ந்துகொண்டால், பதிவேட்டில் மூவரும் ஒருவராகவே தெரிவர். தவறு செய்தவரும் மறைவார். செய்யாதவர் தம்மைக் காத்துக்கொள்ளவும் வழியிராது.

உரிமை

அடையாளம் மெய்யானது என்பதால் எல்லாக் கதவுகளும் திறந்துவிடலாகாது. ஒவ்வொருவருக்கும் தம் பணிக்கு வேண்டிய அளவு உரிமையே அளிக்கப்பட வேண்டும் என்னும் கோட்பாட்டைச் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இரு அறிஞர்கள் 1975இல் தெளிவுற வகுத்துரைத்தனர். இதனை நடைமுறைப்படுத்தும் வழி எளியது. உரிமையை ஆளுக்கு நேரே கொடாமல் பணிக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். ஆளைக் குழுவில் சேர்க்க வேண்டும். நிருவாகியும் தம் அன்றாட வேலைக்கு எளிய கணக்கையும், ஆட்சிப்பணிக்கு மட்டும் தனிக்கணக்கையும் பயன்படுத்த வேண்டும்.

கொடுப்பதினும் அரியது திரும்பப் பெறுதல். கணக்குப் பிரிவிலிருந்து பண்டகசாலைக்கு மாறியவருக்குப் புதிய குழுவின் உரிமை அன்றே கிடைத்துவிடுகிறது. கிடைக்காவிடின் அவரே வந்து கேட்பார். பழைய உரிமையை நீக்குமாறு கேட்பார் எவருமிலர். இவ்வாறு ஆண்டுதோறும் உரிமைகள் குவிகின்றன. பணி விட்டுச் சென்றவரின் கணக்கும் உயிரோடு இருக்கின்றது. 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கலோனியல் எரிபொருள் குழாய் நிறுவனம் தாக்கப்பட்டபோது, பயன்பாட்டில் இல்லாதிருந்த தொலைநுழைவுக் கணக்கு ஒன்றே வாயிலாக அமைந்தது. கடவுச்சொல்லுக்கு மேல் வேறு சோதனை அக்கணக்குக்கு இல்லை. மே 7ஆம் நாள் நிறுத்தப்பட்ட குழாய்வழி 12ஆம் நாள்தான் மீண்டும் இயங்கத் தொடங்கியது; இடையே பல மாநிலங்களில் மக்கள் எரிபொருளுக்கு அலைந்தனர். பூட்டாமல் விடப்பட்ட ஒரு பழைய கதவின் விலை இது.

முடிவுரை

முகவரி இடத்துக்கு உரியது. அடையாளம் ஆளுக்கு உரியது. உரிமை பணிக்கு உரியது. இடம் மாறினால் முகவரி மாறட்டும். பணி மாறினால் உரிமை மாறட்டும். ஆள் சென்றுவிட்டால் கணக்கு அன்றே மூடப்படட்டும். வழங்கியில் உள்ள கோப்புகள் நிருவாகியின் உடைமை அல்ல. அனைத்தையும் திறக்கும் ஆற்றல் அவர் கையில் இருப்பினும், அனைத்தையும் காணும் உரிமை அவருக்கு இல்லை. பிறர் பொருள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டால் அதனை அமானிதம் என்கிறோம். உரியவரிடம் குறைவின்றிச் சேர்ப்பதே நம் கடமை என்கிறோம். வலையமைப்பு ஆட்சியும் அத்தகைய அமானிதமே. இத்துறையில் புகவிருக்கும் நம் மாணவச் செல்வங்கள் எண்களையும் நெறிமுறைகளையும் கற்பதோடு இந்நெறியையும் கற்றுத் தேர்வார்களாக.