மட்டாஞ்சேரியில் வீட்டுக் குழாயில் கை வைக்கப் போகிறவர்களுக்கு

பிளம்பருக்காகக் காத்திராமல் தாங்களே ஸ்பேனரை எடுக்கும் இளையவர்கள் இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் குழாய் வேலை பார்த்தே முடி நரைத்தவன் நான். அந்த உரிமையில், இங்கே வாடகைக்கு வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், சொந்த வீட்டில் முதல் தடவை வாஷர் மாற்றப் போகிறவர்களுக்கும் சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன்.

முதலில் ஊரின் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் காயல், இன்னொரு பக்கம் கடல். கிணறு தோண்டினால் பெரும்பாலும் உப்பு, இல்லாவிட்டால் இரும்பு. பெரியாற்றுத் தண்ணீரை வள்ளத்தில் ஏற்றிவந்து இங்கே விற்ற காலம் உண்டு. 1914-ல் ஆலுவாய்ப் பக்கம் சொவ்வரையிலிருந்து குழாய் போட்ட பிறகுதான் அந்தப் பாடு குறையத் தொடங்கியது. இன்றைக்கும் நாம் குடிப்பது பெரியாறும் மூவாற்றுப்புழையாறும்தான். அவ்வளவு தூரம் சுத்தமாக வரும் தண்ணீர், நம் வீட்டு வாசலுக்கு வந்ததும் சாக்கடையை ஒட்டி ஓடுகிறது. இந்த ஊரில் குழாய் வேலை என்பது நல்ல தண்ணீரையும் கெட்ட தண்ணீரையும் சேரவிடாமல் வைப்பது. பிளம்பர் கூலி மிச்சமாவதெல்லாம் அதற்குப் பிறகு.

1. திறப்பதற்கு முன் மூடக் கற்றுக்கொள்ளுங்கள். புது வீட்டுக்குள் நுழைந்த அன்றே மீட்டர் எங்கே, மீட்டருக்கு அடுத்த வால்வு எங்கே, மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாய்க்கும் வால்வு எங்கே என்று பார்த்து பெயிண்டால் எழுதிவிடுங்கள்: ‘சமையலறை’, ‘குளியலறை’ என்று. நள்ளிரவில் குழாய் பிடுங்கிக்கொண்டால் வீட்டில் யார் வேண்டுமானாலும் போய் மூட முடிய வேண்டும். உப்புக் காற்றில் இரும்புக் கைப்பிடி ஒரு மழைக்காலத்துக்குள் இறுகிப்போகும். அதனால் மாதம் ஒரு முறை எல்லா வால்வையும் மூடித் திறந்து வையுங்கள். கேட் வால்வை முழுக்கத் திறந்த பிறகு கால் சுற்று பின்னால் திருப்பி நிறுத்தினால் இறுகாது. மூட முடியாத வால்வு இருந்தால் உங்கள் முதல் வேலை அதை மாற்றுவதுதான். வாஷரும் ஷவரும் பிறகு.

2. ஒழுகும் இணைப்பு வெளியே மட்டும் ஒழுகாது. நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். லைனில் அழுத்தம் இருக்கும்போது ஓட்டை வழியே நல்ல தண்ணீர் வெளியே போகும். தண்ணீர் வீணாகிறது என்று எல்லோரும் வருத்தப்படுவார்கள். பம்பிங் நின்ற பிறகு நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. குழாயில் இருந்த தண்ணீர் பள்ளத்தைத் தேடி இறங்கும், உள்ளே வெற்றிடம் உண்டாகும். இளநீரில் குழல் போட்டு உறிஞ்சுவதுபோல, அதே ஓட்டை வெளியே நிற்பதை உள்ளே இழுக்கும்.

வெளியே நிற்பது என்ன? கல்வத்திக் கால்வாய்ப் பக்கமோ ராமேஸ்வரம் கால்வாய்ப் பக்கமோ ஏதாவது ஒரு சந்தில் ஓடையின் ஸ்லாபைத் தூக்கிப் பாருங்கள். அரை இஞ்ச் குழாய்கள் ஓடைக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். வேலியேற்றம் என்று இங்கே சொல்லும் கடலேற்றம் வந்து காயல் நீர் ஓடைக்குள் ஏறும் நாளில் அவை முழுக்க மூழ்கிவிடும். அவற்றில் ஒரு கப்ளிங் தளர்ந்திருந்தால் போதும்.

2023 ஜனவரியில் பாழூர் பம்ப் ஹவுஸில் மோட்டார்கள் பழுதாகி மேற்குக் கொச்சி தண்ணீருக்குத் தவித்தது பலருக்கு நினைவிருக்கும். டாங்கர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடினோம். அப்படி நாள்கணக்கில் லைன் காய்ந்து கிடந்த பிறகு வரும் முதல் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றாதீர்கள். கீழ்க் குழாயைத் திறந்து நிறமும் வாடையும் தெளியும்வரை ஓடவிடுங்கள். குடிக்கிற தண்ணீரை எந்த நாளிலும் கொதிக்கவைத்தே குடியுங்கள். 2024-ல் இதே எறணாகுளம் மாவட்டத்தில் வெங்கூரில் குடிநீர் வழியாக மஞ்சள் காமாலை பரவி இருநூறு பேருக்கு மேல் படுத்தார்கள். உயிரும் போனது.

ஓடைக்குள் கிடக்கும் உங்கள் வீட்டுக் குழாயைச் சுவரில் கிளாம்ப் அடித்து மேலே தூக்க வையுங்கள். முடியாத இடத்தில் அதைவிடப் பெரிய குழாயை உறையாகப் போட்டு, ஓடைக்குள் ஓர் இணைப்புகூட வராமல் ஒரே நீளமாகக் கொண்டுபோக வேண்டும். மீட்டர்வரை உள்ள பகுதியில் நீங்கள் கை வைக்கக் கூடாது. வாட்டர் அத்தாரிட்டியை 1916 என்ற எண்ணில் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அல்லது லைசென்ஸ் உள்ள பிளம்பரை அழையுங்கள்.

இன்னொன்று. தண்ணீர் குறைவாக வருகிறது என்று லைனிலேயே மோட்டாரை மாட்டி இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி அது குற்றம். அதைவிடக் கொடுமை, அந்த மோட்டார் அடுத்த வீட்டுத் தண்ணீரோடு தெருவின் சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறது என்பது. தரைத்தொட்டியில் தானாக விழுவதைப் பிடியுங்கள், அங்கிருந்து மோட்டார் போட்டு மேலே ஏற்றுங்கள்.

3. சொட்டும் குழாயில் தொடங்குங்கள். கை பழகுவதற்கு அதைவிட நல்ல வேலை இல்லை. வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். வாஷ்பேசின் ஓட்டையைத் துணியால் அடையுங்கள். சின்னத் திருகு உள்ளே விழுந்தால் வேலை இரண்டாகிவிடும். தலைப்பகுதியின் நட்டில் துணி சுற்றி ஸ்பேனர் போட்டுக் கழற்றினால் ஸ்பிண்டிலும் அதன் நுனியில் வாஷரும் வரும். பழைய வாஷரைக் கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் பதிந்திருக்கும். பள்ளம் ஒரே சீராக இருந்தால் வாஷர் வயதாகித் தேய்ந்தது, புதிது போட்டால் சொட்டு நிற்கும். ஓரிடத்தில் மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் குற்றம் வாஷரில் இல்லை. குழாய்க்குள் விரல் விட்டு வாஷர் உட்காரும் பித்தளை விளிம்பைத் தடவுங்கள். சொரசொரப்பாகவோ பொளிந்தோ இருந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் ஒரு மாதத்தில் திரும்பவும் சொட்டும். குழாயையே மாற்றிவிடுங்கள்.

கைப்பிடிக்குக் கீழே கசிந்தால் அது வாஷர் அல்ல, கிளாண்ட். கிளாண்ட் நட்டைக் கொஞ்சம் இறுக்கினாலே பல நேரம் நின்றுவிடும். கால் திருப்பில் திறக்கும் புதுவகைக் குழாய்களில் வாஷருக்குப் பதில் கார்ட்ரிட்ஜ். அளவும் பல்லும் பலவிதம் என்பதால் பழையதைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

மும்பை மீரா ரோட்டில் ஆபித் சுர்தி என்ற எழுத்தாளர் இருக்கிறார். ‘பகதூர்’ என்ற சித்திரக்கதை வீரனை உருவாக்கியவர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் மாதத்தில் ஆயிரம் லிட்டர் போகும் என்று பத்திரிகையில் படித்துவிட்டு, 2007-லிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பிளம்பரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சொட்டும் குழாய்களை இலவசமாகச் சரிசெய்யத் தொடங்கினார். எழுபதை ஒட்டிய வயதில் தொடங்கிய வேலை அது. நம் சந்துகளிலும் இரண்டு பிள்ளைகள் இப்படிக் கிளம்பினால், நான் என் கருவிப் பையை அவர்களிடம் மனசாரக் கொடுப்பேன்.

4. மரையில் டெஃப்லான் டேப் சுற்றும் திசை முக்கியம். மரையின் வாய் உங்களைப் பார்த்திருக்கட்டும். கடிகாரம் சுற்றும் பக்கமாக, இழுத்துப் பிடித்து, பத்துப் பன்னிரண்டு சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். பிளாஸ்டிக் மரையைப் பித்தளையில் ஏற்றும்போது கையால் இறுக்கிவிட்டு ஸ்பேனரால் ஒரு சுற்றுக்குமேல் போகாதீர்கள். மிஞ்சி இறுக்கினால் அன்றைக்கு ஒழுகாது. இரவில் லைன் அழுத்தம் ஏறும்போது வெடித்துக்கொள்ளும்.

5. பழைய ஜிஐ இரும்புக் குழாயிடம் ஜாக்கிரதை. பஜார் ரோட்டுப் பழைய வீடுகளிலும் பாலஸ் ரோட்டுப் பக்கமும் சுவருக்குள் இன்னும் அதுதான் ஓடுகிறது. வெளியே பார்க்கத் திடமாக இருக்கும், உள்ளே துரு அடைத்து விரல் நுழைகிற வழிகூட இருக்காது. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற இடத்தில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களிடம் கேளுங்கள், துருக்கறை வெள்ளைத் துணியை என்ன செய்யும் என்று சொல்வார்கள். அந்தக் குழாயில் பைப் ரிஞ்சைப் போட்டு முறுக்கினால் மரை சுவருக்குள்ளேயே முறிந்து தங்கிவிடும். பிறகு சுவரை உடைப்பதைத் தவிர வழியில்லை. அந்த வேலைக்கு ஆளைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டால், துண்டு துண்டாக ஒட்டுப்போடச் சொல்லாமல் அந்த லைனையே கைவிட்டுச் சுவருக்கு வெளியே புது சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் இழுக்கச் சொல்லுங்கள்.

6. பிளாஸ்டிக் குழாய் ஒட்டும் வேலையில் அவசரம் ஆகாது. முதலில் சொல்யூஷன் இல்லாமல் பொருத்திப் பார்த்து பென்சிலால் கோடு போடுங்கள். வெட்டிய வாயின் பிசிறை நீக்குங்கள். ஈரம் ஒரு துளி இருந்தாலும் ஒட்டாது. மழைக்காலத்தில் இங்கே காற்றே ஈரம் என்பதால் உலர்ந்த துணியால் இரண்டு தடவை துடையுங்கள். இரண்டு பக்கமும் தடவி, கால் திருப்பு திருப்பி நுழைத்து, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் குழாய் தானே பின்னால் நழுவும். சிபிவிசிக்கு அதற்குரிய சொல்யூஷன், பிவிசிக்கு அதனுடையது. ஒரு நாள் விட்டுத் தண்ணீர் திறந்தால் நல்லது. ஹீட்டருக்குப் போகும் வரும் லைனில் சாதாரண பிவிசி கூடவே கூடாது, சூட்டில் வளைந்துவிடும். ஹீட்டரைத் தொடும் முன் எம்சிபியை இறக்கிவிடுங்கள்.

7. ஷவரில் தண்ணீர் நூலாக விழுந்தால் உடனே பம்ப் வாங்க ஓடாதீர்கள். தொட்டி பத்தடி உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார் அழுத்தம்தான். பெரிய ஷவர் தலைக்கு அது போதாது, சின்னதை மாட்டுங்கள். நேற்றுவரை நன்றாக வந்தது இன்று குறைந்தால், குழாய் முனையின் சல்லடையைக் கழற்றி மண்ணைத் தட்டுங்கள்.

8. ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகும். அதில் நாலு சொட்டு உஜாலா விட்டு, அரைமணி நேரம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அடியில் இருக்கும் ரப்பரை மாற்ற வேண்டும்.

9. தொட்டியைக் கழுவிய பிறகு பிளீச்சிங் பவுடர் போடுவதில் அளவு உண்டு. 1,000 லிட்டருக்கு 5 கிராம். நேராகக் கொட்டாதீர்கள். வாளியில் குழைத்துத் தண்ணீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் பொறுங்கள். மாடித் தொட்டியின் மூடி இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா, வழிந்தோடும் குழாயின் வாயில் கொசுவலை கட்டியிருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

கொசு என்றதும் இன்னொன்று. கொச்சியின் பெரும்பகுதிக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது, எல்லாம் செப்டிக் டேங்க்தான். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு அந்தக் கழிவு நீரில்தான் முட்டையிடுகிறது. மொட்டை மாடிக்கு மேலே நீண்டிருக்கும் வென்ட் குழாயின் வாயில் ஒரு துண்டு நைலான் வலையைக் கட்டுங்கள். வெயிலில் இற்றுப்போகும், வருடம் ஒரு முறை மாற்றுங்கள். கொசு மருந்துக்குக் கொடுக்கும் காசில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

10. அடைப்பை எடுப்பதில் ஓர் எல்லைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். சிங்க்குக்குக் கீழே உள்ள பாட்டில் டிராப்பைக் கழற்றிக் கழுவலாம், கீழே வாளி வைத்துக்கொண்டு. குளியலறைத் தரையில் இருக்கும் நஹானி டிராப்பில் முடியைக் கையுறை போட்டு எடுக்கலாம். ஆசிட் ஊற்றாதீர்கள், நெஞ்சை அடைக்கும் புகை வரும். வீட்டைப் பூட்டி ஊருக்குப் போய்வந்தால் டிராப்பில் நிற்கும் தண்ணீர் வற்றி நாற்றம் வரும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் சரியாகும். வேலியேற்ற நாளில் கழிவறை இறங்காமல் நின்றால் பெரும்பாலும் அது அடைப்பே அல்ல. நிலத்தடி நீர் ஏறி டேங்க் வடியாமல் நிற்கிறது, நீர் இறங்கும்வரை பொறுங்கள்.

செப்டிக் டேங்க்கின் மூடியோடு உங்கள் வேலை முடிந்தது. அதற்குள் தலையை நீட்டாதீர்கள், யாரையும் கூலி கொடுத்தும் இறக்காதீர்கள். 2013-ம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. 2015 நவம்பர் 26-ல் கோழிக்கோட்டில் ஆந்திராவிலிருந்து வந்த இரண்டு தொழிலாளிகள் பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மயங்கி விழுந்தார்கள். அருகில் இருந்த ஆட்டோ ஓட்டுநர் நௌஷாத் அவர்களைத் தூக்க இறங்கினார். மூன்று பேரும் திரும்பவில்லை. அந்தக் குழிகளில் தேங்கும் விஷவாயுவுக்கு நிறமில்லை. முதலில் வரும் அழுகின முட்டை வாடைகூடச் சிறிது நேரத்தில் மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். நல்ல மனசோ பலமான உடம்போ அங்கே உதவாது. ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் இறங்காமல் 101-ஐக் கூப்பிடுங்கள். டேங்க் நிறைந்தால் உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள். சந்துக்குள் லாரி நுழையாவிட்டால் அவர்கள் நீள ஹோஸ் கொண்டுவருவார்கள்.

11. சுவருக்குள் குழாய் போடுகிற வேலை நடந்தால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் அளவு டேப்பைச் சுவரில் பிடித்துக்கொண்டு செல்போனில் படம் எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று படத்தில் தெரிய வேண்டும். வாடகை வீடானாலும் எடுங்கள். காலி செய்யும்போது சாவியோடு அந்தப் படங்களையும் அடுத்து வருபவருக்கு அனுப்பிவிடுங்கள், எந்த வால்வு எந்த அறைக்கு என்ற குறிப்போடு.